வளருற பிள்ளைக்கு ஒரு ரைபிள்

"அப்ப பெரிசையே எடுப்பம். வளருற பிள்ளைதானே."

"அப்பா, இது சப்பாத்து இல்லை. முன்னுக்குப் பஞ்சு வைச்சுப் போட ஏலாது."

"ஏன், போன வருசம் பஞ்சு வைச்சுத்தானே போட்டனீ. இப்ப அளவா இருக்குத்தானே."

"இப்ப அது கிழிஞ்சு போச்சு."

கடைக்காரப் பெண்மணிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அப்பாக்களும் பிள்ளைகளும் வந்து அந்த மேசைக்கு முன்னால் இழுபறிப்படுவதைப் பல வருடமாகப் பார்த்தவர். குறுக்கிடாமல் தேநீரை உறிஞ்சினார். தெற்கு லண்டனில் ரயில் பாலத்து வளைவுக்குள் இருந்தது கடை. மேசையில் பச்சைக் கம்பளம் விரித்து இரண்டு ரைபிள்களைப் பக்கம் பக்கமாக வைத்திருந்தார். இரண்டும் கை மாறி வந்தவை. இரண்டும் பொயின்ட் டூ டூ என்ற சின்னக் குண்டு அளவு. ஒரு தடவைக்கு ஒரு ரவை போட்டு, கடதாசி அட்டையில் அச்சடித்த வட்டத்தைச் சுடுவதற்கென்றே செய்தவை. ஒன்று ஐந்தரைக் கிலோ. மற்றது மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்பா சூசைதாசனின் கண் ஐந்தரைக் கிலோவில்தான் ஒட்டிக்கொண்டு நின்றது. நல்ல கறுத்த மரக்கட்டை, எண்ணெய் பூசித் துடைத்த குழல். முன்னர் அதை வைத்திருந்த பெடியன் இளையோர் அணியில் வெளிநாடு வரை போய்ச் சுட்டவனாம். அதைக் கேட்ட நிமிடமே அவர் முடிவெடுத்துவிட்டார். மற்றதற்கோ வான நீலத்தில் கட்டை. அதன் பக்கத்தில் எந்தப் பிள்ளையோ ஒட்டிவிட்டுப் போன சிவப்பு வண்டுப் படம் ஒன்று, பாதி உரிந்து கிடந்தது. ஞாயிறு பூசை முடிந்து டூட்டிங் கோயில் வாசலில் நிற்கும்போது செபமாலைமுத்து அண்ணை, "என்ன சாமான் எடுத்தனீர், காட்டும் பாப்பம்" என்று கட்டாயம் கேட்பார். வண்டு ஒட்டின நீலச் சாமானையா போனில் எடுத்துக் காட்டுவது?

மகள் பெனிற்றாவுக்குப் பதினான்கு வயது. இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு ரைபிள் கிளப்பைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். மற்றப் பிள்ளைகள் சுவரையும் மணலையும் சுட்டுவிட்டு வர, இவள் சுட்ட ஐந்து ஓட்டைகளையும் ஒரு இருபது பென்ஸ் நாணயத்தால் மூடலாம் போல் இருந்தது. அந்த அட்டை இன்றைக்கும் சூசைதாசனின் பணப்பைக்குள் நாலாக மடித்துக் கிடக்கிறது. பஸ் டிப்போ கன்ரீனில் அதைப் பார்க்காத டிரைவர் இல்லை. சிலருக்கு இரண்டு தடவை காட்டியாயிற்று.

பதினான்கு வயதில் லைசன்ஸ் எடுக்கலாம். ஆனால் பதினெட்டு முடியும் வரை ரைபிள் வாங்கக் கூடாது. அது தெரியவந்ததும், தானே லைசன்ஸ் எடுத்து வாங்கவென்று அவரும் கிளப்பில் சேர்ந்தார். மாதக்கணக்காகச் சனிக்கிழமைகளில் போய்ப் படுத்துக்கிடந்து சுட்டுப் பழகினார். ஒரு நாள் பத்துக்குப் பத்து எடுத்தார், பக்கத்து ஆளின் அட்டையில். ஒரு பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, ரைபிள் வைக்கவென்று படிக்குக் கீழே சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சூசைதாசனின் மனைவி எமில்டா அவருக்கு ரோல்ஸ் பொரித்து வைத்தாள். கடமையில் சாப்பிடக் கூடாது என்று அவர் சொல்ல, "அப்ப லைசன்ஸ் தரமாட்டினம் போல" என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டாள். அப்பாவுக்கும் மகளுக்குமாக லைசன்ஸ் இரண்டும் வந்தன.

அடுத்த மாதம் மாவட்ட இளையோர் அணிக்குத் தெரிவு நடக்கிறது. படுத்தும், முழந்தாளிட்டும், நின்றும் சுடவேண்டும். கிளப்பின் பழைய ரைபிளால் படுத்துச் சுட்டால் பெனிற்றா நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுப்பாள். எழும்பி நின்றால் எழுபதுக்கு மேலே ஏறாது. பயிற்சி கொடுக்கிற றூபினி ஒரு கடதாசித் துண்டில் "நாலு கிலோவுக்குக் கீழே" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்திருந்தாள். துண்டு சூசைதாசனின் சட்டைப் பையில் இருந்தது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

"என்ர பிள்ளை எதையும் ஏலாது எண்டு சொன்னதே இல்லை" என்று அவர் கடைக்காரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

கடைக்காரி இரண்டு ரைபிள்களிலும் ரவை போடும் அறையைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று இருவருக்கும் காட்டினார். எதிர்ச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அதைப் பார்த்து ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்.

பெனிற்றா பெரியதைத் தூக்கினாள். நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றியவள் போல் உடம்பு ஒரு பக்கம் வளைந்தது. கட்டையின் அடி தோளைத் தாண்டிக் கையில் முட்டியது. கன்னத்தை வைக்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது.

"எப்பிடி?"

"ஓகே அப்பா."

"பார்த்தீர்களா" என்பது போல் அவர் கடைக்காரியைத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரி குழலின் நுனியைக் கண்ணால் காட்டினார். நுனி சுவரில் வட்டம் கீறிக்கொண்டிருந்தது. முதலில் சின்ன வட்டம், பிறகு சோற்றுக் கோப்பை அளவில்.

"பழகினாச் சரி வரும்" என்றார் சூசைதாசன். "அடுத்த வருசம் ஒரு சாண் வளந்திடுவா."

பெனிற்றா ரைபிளை இறக்கினாள். அவசரப்படாமல், கம்பளத்தில் நோகாமல் கிடத்தினாள்.

"எனக்கு ஏலாது அப்பா."

"என்ன ஏலாது?"

"இதை நிண்டு பிடிக்க ஏலாது. அடுத்த வருசம் ஏலும் போல. செலக்‌ஷன் அடுத்த மாதம்."

குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போல் சொன்னாள். சூசைதாசன் கம்பளத்தில் கிடந்த ரைபிளைப் பார்த்தார். அவளுக்கு வாங்கிக் கொடுத்தவை எல்லாம் வரிசையாக நினைவில் வந்தன. கோயிலில் முதல் நன்மை வாங்கப் பெரிசாகத் தைத்த சட்டை, இரண்டு வருடம் மடிப்பு உள்ளே கிடந்தது. பள்ளிக்கூடக் கோட்டுக்குள்ளிருந்து விரல் நுனி மட்டும் வெளியே தெரியும். சைக்கிளை ஒரு வருடம் நுனிக்காலில் ஊன்றித்தான் ஓடினாள். விழுந்து கெண்டைக்காலில் வந்த தழும்பை, "பாருங்கோ, அழவேயில்லை" என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டியவர் அவர்தான். அவளுக்கு அதெல்லாம் ஏலும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"சரி" என்றார் கடைசியில். "மற்றதைத் தூக்கு பாப்பம்."

நீல ரைபிள் அவள் தோளுக்குப் போன விதத்திலேயே விசயம் தெரிந்தது. கழுத்து நீளவில்லை. முழங்கை இடுப்பில் தானாகப் போய் அமர்ந்தது. மேலே ரயில் ஒன்று தடதடவென்று போனது. அலுமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன, கடைக்காரியின் கோப்பைக்குள் கரண்டி கிலுகிலுத்தது. குழலின் நுனி மட்டும் சுவர்ப் புள்ளிக்கு நேரே ஆணி அடித்தது போல் நின்றது. சூசைதாசன் அந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் முடிந்தது என்று கடைக்காரி சொன்ன பிறகும் பார்த்துக்கொண்டு நின்றார். படுத்துக்கொண்டு மணல் மூட்டையில் சாத்திச் சுட்டும் அவருக்குக் குழல் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

"இது அவளுக்கு அளவு" என்று கடைக்காரியிடம் சொன்னார். "அவளே கண்டுபிடித்தாள்."

எழுத்து வேலை முடிய அரை மணித்தியாலம் ஆயிற்று. வண்டுப் படத்தைச் சுரண்டிவிடட்டுமா என்று கடைக்காரி கேட்டார். பெனிற்றா வாய் திறக்க முன்னமே, வேண்டாம் என்று சூசைதாசன் தலையாட்டினார். அவளை ரைபிளோடு நிற்க வைத்து, வண்டு தெளிவாகத் தெரியப் படம் எடுத்து, கோயில் ஆட்களின் வாட்ஸப்பில் போட்டார். கீழே ஒரு விரலால் எழுதினார்: "மகளின் முதல் ரைபிள். மூன்றரைக் கிலோ. பெரியது ஏலாது என்று அவவே சொன்னவ." செபமாலைமுத்து அண்ணை உடனே கட்டைவிரல் ஒன்று அனுப்பினார்.

ரைபிள் பெட்டியைப் பூட்டிக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். வீடு வரும் வரை அவர் வாய் ஓயவில்லை. செலக்‌ஷன் அன்றைக்கு ஷிப்ட் மாற்றிவிட்டாராம். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வருவாராம். அவளுக்கு நேர் பின்னால் இடம் பிடித்து நிற்பாராம். ஒவ்வொரு வெடிக்கும் எத்தனை புள்ளி என்று எமில்டாவுக்கு அங்கிருந்தே மெசேஜ் போடுவாராம்.

பெனிற்றா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டூட்டிங் கடைத்தெருவில் மரக்கறிப் பெட்டிகள் கடந்து போயின. சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"அப்பா."

"சொல்லு பிள்ளை."

"நீங்க பின்னுக்கு நிண்டு மூச்சைப் பிடிக்கிறது எனக்குக் கேக்கும். நான் சுட்டாப் பிறகுதான் விடுவீங்க. ஒவ்வொரு தடவையும்." அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "செலக்‌ஷன் அண்டைக்கு மட்டும், நீங்க வெளியில கார்லயே இருப்பீங்களோ?"