ஒன்றோடும் சேராத குமிழ்

...இல்லை, இது தானாகக் கழன்றது இல்லை, தானாகக் கழன்ற கம்பிக்கு யாரும் பிளாஸ்திரி ஒட்டி வைக்கமாட்டார்கள், என்று நினைத்துக்கொண்டே ஹில்லெவி விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தாள். மேசைமேல் விரித்த கம்பளியில் மல்லாந்து கிடந்தது புருஷன் சிக்ஸ்டனின் பேஸ் கிதார், அறுபதுகளில் இங்கே ஸ்வீடனிலேயே செய்தது, சிவப்பு, அவன் முழங்கை உரசி உரசி ஒரு பக்கம் மட்டும் மரம் தெரிகிற சிவப்பு. மேல்தகட்டைக் கழற்றி ஒதுக்கி வைத்தாயிற்று. உள்ளே எல்லாம் பிறந்த அன்று இருந்தபடியே இருக்கிறது, துணி சுற்றிய கம்பிகள், மூன்று குமிழ்களின் அடிவயிறு, இரண்டு குமிழ் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, மூன்றாவது டோனுக்கு, அதாவது சத்தத்தின் கூர்மையை மழுக்க. அந்த மூன்றாவதில்தான் இந்த வேலை. அந்த மழுக்கும் வேலையைச் செய்கிற சின்னச் சாமான், கன்டென்சர், அதன் ஒரு கம்பிக்காலை ஈயத்திலிருந்து பிடுங்கி, எதன்மேலும் படாமல் இருக்கப் பிளாஸ்திரி சுற்றியிருக்கிறார்கள், விரலில் வெட்டுப்பட்டால் போடுகிற பிளாஸ்திரி, அதில் கரடிக்குட்டிப் படம் வேறு. ஆக இந்தக் குமிழைத் திருகினால் திரும்பும், அவ்வளவுதான், சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. யார் செய்த வேலை? யார் என்ன யார்... ஈயம் சட்டியில் ஒட்டின மாவு மாதிரி கட்டியாக நிற்கிறதே, அதுவே சொல்கிறது. பல்பு மாற்றக்கூட அவளைக் கூப்பிட்டவன், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய சால்டரிங் இரும்பையே எடுத்துச் செய்திருக்கிறான். திருடத் தெரியாதவன் திருடின மாதிரி தடயம் எல்லாம் அப்படியே கிடக்கிறது.

நாற்பது வருடமாகத் தொலைபேசி இலாகாவில் பழுது பார்த்த கை அவளுடையது, இந்தக் கிதாரை மட்டும் அவன் திறக்கவிட்டதே இல்லை, ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கறே என்பான், அவளும் விட்டுவிட்டாள். இப்போதுகூட லென்னார்ட் கேட்டிருக்காவிட்டால் திறந்திருக்கமாட்டாள். சிக்ஸ்டன் போன பிறகு அதைப் பார்க்கப் பிடிக்காமல் விறகுக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டது அவள்தான், ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்து தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் இரண்டில் ஒன்று செத்துப்போய்விட்டது, இன்னொன்று குளவிக்கூடு மாதிரி இரைந்தது. சனிக்கிழமை நடனக் கூடத்தில் ஆட்டம், இசைக்குழு நடத்துகிற லென்னார்ட் அதே கிதார்தான் வேண்டும் என்கிறான், வாசிக்கப்போவது புதிதாகச் சேர்ந்த அன்னேலி. உள்ளே இருக்கிற ஒரு சாமானையும் மாத்திடாதே ஹில்லெவி, எல்லாம் பழையபடி இருக்கணும், ஜனங்க அவன் சத்தத்தைக் கேக்கணும் என்றான். செய்தாள். செத்த பிக்கப்பில் அறுந்த மயிரிழைக் கம்பியைத் தேடிப் பிடித்துச் சேர்த்தாள், தந்திகள் படிந்திருக்கிற பாலத்துக்கு அடியில் விட்டுப்போன எர்த் கம்பியை ஒட்டினாள், குமிழ்களின் துரு போக்கினாள், கண் எரிகிறது, கழுத்து வலிக்கிறது, ஆனால் இந்த அலுப்பு கழுத்தில் வந்தது இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போட்டுக் காபி போட்டு வந்த அலுப்பு. எல்லோரும் ஒரே வார்த்தை, சிக்ஸ்டன் மாதிரி ஒத்துப்போகிற மனுஷனைப் பார்க்க முடியாது. அடக்கத்தன்று தேவாலயக் கூடத்தில் லென்னார்ட் எழுந்து நின்று சொன்னான், இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசினது கிடையாது, டேய், டோனைக் குறைடா, பாட்டு அமுங்குதுன்னா அந்த நிமிஷமே குறைப்பான், சத்தமும் உடனே சரியாப் போயிடும். எல்லோரும் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள். சரியாப் போயிடுமாம். குறைக்கவே இல்லையேடா அவன், குமிழைத் திருகிவிட்டு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான், கல்லுளிமங்கன்.

சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. கரடிக்குட்டி. இந்தப் பிளாஸ்திரி இந்த வீட்டில் எப்போது இருந்தது? மகள் டூவெ சைக்கிள் கற்றுக்கொண்ட வருடம், முட்டி பெயராத நாள் இல்லை, வேறு பிளாஸ்திரி போட்டால் ஊரைக் கூட்டுவாள், கரடி போட்டதுதான் வேண்டும். அதற்கு முன்னால் வாங்கியதில்லை, அதற்குப் பிறகும் வாங்கவில்லை, அடுத்த வருடம் அவளுக்குக் கரடி பிடிக்காமல் போய்விட்டது. அந்த வருடம்தான்... அந்த வருடம்தானே ஸ்டாக்ஹோமிலிருந்து அழைப்பு வந்தது? பெரிய குழு, இசைத்தட்டு போடுகிறவர்கள், வானொலியில் வருகிறவர்கள், பேஸுக்கு ஆள் வேண்டும் என்று அவனையே கேட்டார்கள். ஃபோனை வைத்துவிட்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தான், அவள் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கே வேலை, இங்கே காடு, ஆறு, டூவெயின் பள்ளிக்கூடம், தெற்கே யாரைத் தெரியும்? இங்கேயே இருந்துடலாமே சிக்ஸ்டன், என்ன சொல்றே? அவன் மூச்சை உள்ளே இழுத்தான். இந்த வடக்கில் அதுதான் ஆமாம், வாய் திறந்து ஆமாம் என்று சொல்ல யாருக்கும் நேரம் இல்லை, உதட்டைக் குவித்து ஒரு சின்ன மூச்சு, காற்று உள்ளே போகிற சத்தம், முடிந்தது பேச்சு. அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். அந்த ஒரு மூச்சின் மேல்தான் அதற்குப் பிறகு எல்லாமே, இந்த வீடு, கொட்டகை, மாதாமாதம் கட்டின கடன், வருகிறபோதெல்லாம் பேரன்களுக்குக் காட்டுகிற அந்த மீன்பிடி ஏரி, எல்லாம். அவனுக்கும் அதுதான் விருப்பம் என்று ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆமாம் சொன்னானே. லென்னார்டுக்கும்தான் சொன்னான், ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னான்.

அப்படியானால் எனக்கும் இந்த மூன்றாவது குமிழ்தானா? கடைசி வருடம் ஆஸ்பத்திரியில் வைத்துக்கூடக் கேட்டாளே, நல்லாத்தானே இருந்தோம் நாம? மூச்சை இழுத்தான். அன்றைக்கு அவனுக்கு மூச்சு இழுப்பதே பாடு, அது பதிலா, வெறும் மூச்சா என்றுகூடத் தெரியாது, அவள்தான் பதிலாக எடுத்துக்கொண்டாள். இப்போது யாரிடம் போய்க் கேட்பது? டூவெயிடம் சொன்னால், அம்மா ஒரு கம்பியை வச்சுக்கிட்டு என்னென்னமோ யோசிக்கறே என்பாள். கோபம் வந்தது, செத்தவன்மேல் வருகிற கோபம், பிடித்து உலுக்க ஆள் இல்லாத கோபம். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, வாயில் என்ன கொழுக்கட்டையா? பிளாஸ்திரியை உரித்தாள், பசை செத்திருந்தது, சும்மா கழன்று வந்தது. கால் வளையவில்லை, துரு இல்லை, பத்திரமாகத்தான் வைத்திருக்கிறான். எல்லாம் பழையபடி என்றுதானே லென்னார்ட் கேட்டான், பழையபடி என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, அதுதானே நியாயம், வேலை என்றால் வேலை. பழைய கட்டியை உருக்கி எடுத்தாள், காலை அதன் இடத்தில் வைத்தாள், புது ஈயம் ஒரு சொட்டு, பளபளவென்று உட்கார்ந்தது. சின்ன ஒலிபெருக்கியில் சொருகித் தடித்த தந்தியைத் தட்டினாள், மூன்றாவது குமிழைத் திருகத் திருகச் சத்தம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டது. வேலை செய்கிறது. ஜெயித்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை.

வெளிச்சம் மங்குகிறபோது லென்னார்ட் வந்தான், வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நேராக மேசைக்கே வந்துவிட்டான். காபி கொடுத்தாள், இந்தப் பக்கத்து வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டைக் கோப்பைக்குள் போட்டுக்கொண்டு, "எங்கே, வாசி, கேப்போம்," என்றான். அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது நான்கு சுரம், அதை வாசித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஆங், அவனேதான். கொஞ்சம் கூர்மையா இருக்கு. டோனைக் குறை." குறைத்தாள். லென்னார்டின் கண் திறந்தது. "என்ன இது, சளி பிடிச்ச மாதிரி? அவன் குறைச்சா இப்படி அடைச்சுக்காதே." கொஞ்சம் ஏற்றினாள். "ஊஹூம்." முழுக்க ஏற்றினாள். "இது குறைக்காதது, ஹில்லெவி. அவன் குறைச்சு வச்சா எப்படி இருக்கும் தெரியுமா, தெளிவாவும் இருக்கும், பாட்டுக்கு வழியும் விடும். எத்தனை வருஷம் கேட்ட காது இது. நீ என்னமோ மாத்திட்டே."

"ஒண்ணும் மாத்தலை. முதல்ல இருந்த மாதிரியே வச்சிருக்கேன்."

"அப்போ முதல்ல இருந்தது எனக்கு வேணாம். அவன் வச்சிருந்த மாதிரி வச்சுக் குடு. ஒருத்தன் சொன்னதைக் கேட்டு இவ்வளவு அழகாக் குறைப்பான்னா, அது அவன்தான். முடியும்தானே?"

அவள் ஒலிபெருக்கியை அணைத்தாள். சொல்லிவிடலாம், அவன் ஒருநாளும் குறைக்கவில்லை லென்னார்ட், நீ கேட்ட தெளிவு அவனுடைய பிடிவாதம் என்று... சொன்னால் இவன் முகம் என்ன ஆகும், அடக்கத்தில் எழுந்து நின்று பேசின மனுஷன். அதுவும் இல்லை, வேறொன்று அவளைப் பிடித்து நிறுத்தியது. யாருக்கும் தெரியாமல், ஒரு சண்டை போடாமல், தனக்குப் பிடித்த சத்தத்தை இத்தனை வருடம் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்காதவன், அவனா ஒரு பெண்டாட்டி கேட்டாள் என்பதற்காக ஸ்டாக்ஹோமை விட்டுக்கொடுத்திருப்பான்? இருந்தான் என்றால் இருக்கப் பிடித்துத்தான் இருந்திருக்கவேண்டும்... அல்லது வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லித் தீர்த்தவனுக்கு, யாரும் தொட முடியாத இடம் என்று இந்தக் கிதாருக்குள் ஒரு விரல்கடை மட்டும் மிஞ்சியதோ? இரண்டுக்கும் ஒரே பிளாஸ்திரிதான் சாட்சி. மேசை ஓரத்தில் அது சுருண்டு கிடந்தது, கரடிக்குட்டியின் முகம் பாதி அழிந்திருந்தது.

"என்ன, கேட்டுக்கிட்டே இருக்கேன், முடியும்தானே?" என்றான் லென்னார்ட்.

ஹில்லெவி மூச்சை உள்ளே இழுத்தாள். அவன் நிம்மதியாகக் காபியை எடுத்துக் குடித்தான். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே இன்னும் தெரிந்திருக்கவில்லை.