பால் கேட்டு வந்தவன்

பிள்ளைக்குப் பல் முளைத்ததை ஊருக்குத் தெரியாமல் ஒளிக்க வேண்டும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்? கமலாம்பிகைக்கும் தோன்றவில்லை. ஆனால் அருந்ததியின் கீழ் ஈறில் அரிசிக் குருணை போல எட்டிப் பார்த்த அந்த ஒற்றைப் பல், அவள் அப்பா ஆனந்தராஜாவைச் சயாம் காட்டின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

பினாங்கில் ஜப்பான்காரன் கொடி ஏறி ஒரு வருடம் கடந்திருந்தது. அரிசி கண்ணில் பட்டால் தீபாவளி. மற்ற நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. அதற்காக யாழ்ப்பாணத்து வீட்டில் முதல் பல்லுக்குப் பல்லுக்கொழுக்கட்டை அவிக்காமல் விடுவார்களா? ஆனந்தராஜாவின் அக்கா நல்லம்மா விடுவதாக இல்லை. அரிசி மாவுக்குப் பதில் மரவள்ளி மாவு. பயறு ஒரு கைப்பிடி. தேங்காயைப் பல் பல்லாகக் கீறி, ஒவ்வொரு கொழுக்கட்டையின் வாயிலும் குத்தினாள். பிள்ளையை மணையில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, அதன்மேல் கொழுக்கட்டைகளை மெல்லக் கொட்டினாள். அருந்ததி கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அது வீட்டோடு தின்று முடிக்கிற பலகாரம் இல்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தால்தான் மற்றப் பற்கள் வரிசையாக வரும் என்பது நல்லம்மாவின் சாத்திரம்.

"தெருக்கோடி மாடி வீட்டுக்கும் குடுத்தனான்," என்றாள், வெறுந்தட்டோடு திரும்பி வந்து.

கமலாம்பிகைக்குத் திக்கென்றது. "ஆர், கொந்தராத்துக்காரர் வீட்டுக்கோ மச்சாள்?"

"ஓம். பெரிய மனிசன். நாளைக்கு ஒரு உதவி எண்டால் போய் நிக்கலாமெல்லே?"

கண்ட்ராக்டர் ராமதாஸ்! ஓடிப்போன வெள்ளைக்காரனின் மாடி வீட்டில் குடியேறியவன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்து ஜப்பான்காரனிடம் ஒப்படைப்பவன். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் அவன் லாரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒளிவார்களாம். ஏறிப் போனவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பி வரவில்லை.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்குக் கொழுக்கட்டையே கிடைத்துவிட்டது. மறுநாள் அவனே வீடு தேடி வந்தான்.

"என்ன கிராணியாரே, வீட்ல விசேஷமாமே! கொழுக்கட்டை சாப்பிட்டேன். மரவள்ளி மாவுன்னாலும் ருசியாத்தான் இருந்துச்சிலா."

கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் ஆனந்தராஜா எழுந்து நின்றான். வீட்டுக்காரன் நின்றான், வந்தவன் கால்மேல் கால் போட்டான்.

"பல்லு வந்துடுச்சு. இனி கஞ்சி கிஞ்சி ஊத்தி வளத்துடலாம், இல்ல?" அவன் பார்வை கமலாம்பிகை பக்கம் திரும்பியது. "என் மகனுக்கும் இதே எட்டு மாசம்தான் தங்கச்சி. ஜப்பான் தொரை குடுத்த டின் பால்லதான் வளர்றான். இப்பக் கப்பல் வரலை, டின்னும் இல்லை. என் சம்சாரத்துக்குப் பால் வத்திப்போச்சு. நீங்க எங்க வீட்ல வந்து தங்கி அவனுக்குப் பால் குடுக்கணும்."

"அப்ப என்ர பிள்ளை?"

"அதான் பல்லு வந்துடுச்சே! பொம்பளப் பிள்ளைதானே, மரவள்ளிக் கஞ்சி போதும்லா. அத இங்கயே விட்டுட்டு வாங்க. ரெண்டு வாய் குடிச்சா என் மகனுக்குப் பத்தாது."

"ஏலாது," என்றாள் கமலாம்பிகை.

ராமதாஸ் கோபப்படவில்லை. சிரித்தான். அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது.

"சயாம்ல மண்ணு வெட்டக் கூலி மட்டும் பத்தலையாம் கிராணியாரே. கணக்கு எழுத உங்கள மாதிரி ஆளும் கேக்குறான். நாளைக்குச் சாயங்காலம் பிறை ரயில் ஸ்டேஷன்ல ஆள் ஏத்துறோம். ஒண்ணு, காலையில இவங்க என் வீட்டு வாசல்ல நிக்கணும். இல்லன்னா சாயங்காலம் நீங்க ரயில்ல நிக்கணும்."

அவன் போன பிறகும் நாற்காலி அதே இடத்தில் கிடந்தது. அதை எடுத்து ஒதுக்கி வைக்க யாருக்கும் கை எழவில்லை.

நல்லம்மா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"கமலம், கோவியாமல் கேள். பல்லு வந்திட்டுதுதானே? நான் கஞ்சி காய்ச்சிப் பிள்ளையைப் பாக்கிறன். தம்பியை அனுப்பிப்போட்டு நாங்கள் என்ன செய்யிறது?"

"நான் காய்ச்சலிலை கிடக்கேக்கையும் நீங்கள்தான் மச்சாள் பாத்தனீங்கள். வெறும் மரவள்ளிக் கஞ்சி. என்ன நடந்தது எண்டு மறந்துபோச்சோ?"

யாருக்கு மறக்கும்? வயிறு மேளம் போல உப்பி, கால் குச்சியாகி, பசிக்கு அழக்கூடத் தெம்பில்லாமல் பிள்ளை சுருண்டு கிடந்த கோலம் அது. காய்ச்சல் விட்ட பிறகு கமலாம்பிகை மறுபடி மார்பில் போட்டாள். முதலில் பால் மட்டும் கொடுத்துப் பார்த்தாள். குடித்து முடித்த பிறகும் அருந்ததி அம்மாவின் தட்டையே பார்த்தாள். அன்றிலிருந்து விடிந்தால் பால், வெயில் ஏறினால் கேழ்வரகுக் கூழில் வறுத்துப் பொடித்த நெத்தலி மீன், மத்தியானம் மறுபடி பால், பிறகு மசித்த வாழைப்பழம், அல்லது முருங்கையிலை போட்டு அவித்துப் பிசைந்த வற்றாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளி, படுக்கும்போது பால். இரண்டு காலிலும் ஊன்றினால்தானே நடக்க முடியும்?

"கஞ்சி வயித்தை நிரப்பிச்சுது, பிள்ளையை நிரப்பேல்லை," என்றாள். "நான் விடமாட்டன்."

ஆனந்தராஜா தயங்கித் தயங்கி, "கொஞ்ச நாளைக்கு மட்டும் போய்..." என்று தொடங்கினான்.

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனோ? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ!"

அவன் முகம் சிவந்தது. மகளைப் பார்த்தான். மணையைப் பிடித்து எழும்ப முயன்று தொப்பென்று விழுந்து, அதற்கும் சிரித்தாள் அவள்.

"சரி. நீர் போக வேண்டாம். நான் சயாமுக்குப் போறன்."

"உங்களை ஆர் போகச் சொன்னது? நீங்களும் போறேல்லை, பாலும் போறேல்லை. அழுதுகொண்டு நில்லாமல் நெத்தலியைப் பொடிச்சுத் தாங்கோ. நாளைக்குக் கொஞ்சம் கூடுதலா வேணும்."

காலையில் கமலாம்பிகை புறப்பட்டாள். இடுப்பில் அருந்ததி, கையில் தூக்குச் சட்டி. சந்தியில் துப்பாக்கியோடு நின்ற ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து கும்பிட்டுத்தான் கடக்க வேண்டும். குனியாதவர்களுக்குக் கன்னத்தில் விழும். அவள் குனிந்தாள். இந்தக் குனிவுக்குக் காசில்லை. மாடி வீட்டில் குனியப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவளுக்கு இதில் என்ன குறைந்துவிடும்?

மாடி வீட்டுக் கூடத்தில் ராமதாஸ் வெற்றிச் சிரிப்போடு நின்றான். இடுப்புப் பிள்ளையைக் கண்டதும் சிரிப்பு அறுந்தது.

"இத எதுக்குக் கொண்டாந்தே?"

"பசிக்கும். அதுக்குத்தான்."

சொல்லிக்கொண்டே சுவரோரம் அமர்ந்து, முதுகைத் திருப்பி, சேலைத் தலைப்பால் மூடி மகளை மார்பில் போட்டுக்கொண்டாள். அவன் வீட்டில், அவன் கண்முன்னால்! உள்ளேயிருந்து அழுகிற பிள்ளையோடு அவன் மனைவி தனலெட்சுமி ஓடி வந்தாள். சின்னப் பெண். கழுத்து நிறைய நகை, கண் நிறையத் தூக்கமின்மை. அவள் கையிலிருந்த பையன் கொழுகொழுவென்று இருந்தான். ஆனால் அது கொழுப்பு இல்லை, வீக்கம். வெளிறிய உதடு. அழுகையில்கூட உயிர் இல்லை.

"பிள்ளைக்கு என்ன குடுக்கிறனீர் தங்கச்சி?"

"டின் பால்தான்கா. இருக்கறதுல தண்ணி ஊத்தி ஊத்தி..."

"வேறை?"

தனலெட்சுமி கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "வேற எதுவும் கூடாதுன்னுட்டாரு. சீமைப் பால் குடிச்ச பிள்ளை வாயில கேப்பையும் மீனும் வெச்சா, கூலி வீட்டுப் பிள்ளை மாதிரி ஆயிடுமாம்."

"உம்மடை பால்?"

"நல்லாத்தான்கா சுரந்துச்சு. தொரை டின் குடுத்ததும் இவருதான் நிப்பாட்டச் சொன்னாரு. ஜப்பான்காரன் குடுத்தத வேணாம்னா மரியாதை இல்லையாம்."

கமலாம்பிகை மகளைத் தோளில் போட்டுத் தட்டினாள். சின்ன ஏப்பம் ஒன்று வந்தது. பிறகு தூக்குச் சட்டியைத் திறந்து, கூழில் கொஞ்சம் எடுத்து மகளுக்கு ஊட்டினாள். இன்னொரு கரண்டியை எடுத்துத் தனலெட்சுமி பக்கம் நீட்டினாள்.

"குரக்கன் கூழ். உங்கட ஆக்களுக்குக் கேப்பை. நெத்தலி போட்டிருக்கு, முள்ளுப் பாத்துப் பொடிச்சது. இந்தாரும்."

"தொடாதே!" ராமதாஸ் இரைந்தான். "நான் பால் குடுக்கத்தான் கூப்பிட்டேன். பிச்சைக்காரக் கூழ் ஊட்டவா கூப்பிட்டேன்?"

தனலெட்சுமி மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரண்டியை வாங்கினாள்.

முதல் வாயைப் பையன் நாக்கால் வெளியே தள்ளினான். ராமதாஸ், "பாத்தியா, பாத்தியா!" என்றான். கமலாம்பிகை அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "முதல் முதல் அப்பிடித்தான். நுனியிலை கொஞ்சமா வையும்." இரண்டாவது வாயில் பாதி வழிந்தது. பிறகு பையன் அழுகையை நிறுத்தினான். கரண்டியை உற்றுப் பார்த்தான். குருவிக் குஞ்சு போல வாயைத் திறந்தான்.

தனலெட்சுமி உடைந்து அழுதுவிட்டாள். அழுதபடியே ஊட்டினாள்.

கமலாம்பிகை எழுந்து ராமதாஸ் முன்னால் நின்றாள்.

"இந்த வயசுப் பிள்ளைக்குப் பாலும் வேணும், சாப்பாடும் வேணும். உங்கட பிள்ளையின்ரை சாப்பாட்டைப் பறிச்சது நீங்கள். தாய்ப்பாலைப் பறிச்சதும் நீங்கள். இப்ப என்ர பிள்ளையின்ரை பாலையும் பறிக்க வாறீங்கள். இதுக்குப் பேர் பிள்ளை வளர்ப்பில்லை, களவு!"

"வாய் நீளுது! சாயங்காலம் உன் புருஷன் பிறையில..."

"ஏத்துங்க!" என்று கத்தியது தனலெட்சுமி. கூடமே திடுக்கிட்டது. "அந்த அண்ணன ஏத்துங்க. நானும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அதே ரயில்ல ஏறுறேன். தொரை பாக்க ஏறுறேன். கண்ட்ராக்டர் பொண்டாட்டியும் சயாமுக்குப் போறாளாம்னு பினாங்கே சிரிக்கட்டும்லா!"

ராமதாஸ் மனைவியைப் பார்த்தான். எத்தனையோ வீட்டுப் பெண்களின் கூச்சலைக் கேட்டு லாரிக் கதவை இழுத்துச் சாத்தியவன் அவன். தன் வீட்டுக்குள் கேட்டால் எந்தக் கதவைச் சாத்துவது? பையன் அடுத்த வாய்க்காகக் கையைத் தட்டினான். அவன் கண் அங்கே போனது, போனது திரும்பவில்லை.

"அப்பப் பாலுக்கு என்ன வழி?" என்றான். குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"பிள்ளையை நெஞ்சிலை போட்டுப் பாரும் தங்கச்சி. இழுக்க இழுக்கச் சுரக்கும், விடாமல் போடவேணும்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அதுவரைக்கும் நாளுக்கு ஒரு நேரம் நான் குடுப்பன். பிள்ளை பாவம், அவனோடை எனக்கென்ன கோபம்? ஆனால் இஞ்சை இல்லை. என்ர வீட்டிலை. என்ர பிள்ளை குடிச்ச பிறகு. நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வரவேணும்; வேலைக்காரரை அனுப்பினால் கதவு திறவாது. என்ர மனிசனுக்கு ஒண்டு நடந்தாலும் திறவாது."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சட்டியை மட்டும் தனலெட்சுமியிடம் விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று சாயங்காலம் பிறையில் ஆள் ஏற்றினார்கள். ரயில் நிறைந்துதான் போனது. அதை நிறுத்த அவளால் ஆகவில்லை. அந்த நினைப்பு அவளை நெடுநாள் அறுத்தது. ஆனந்தராஜா அதில் இல்லை. அடுப்படியில் புகைக்கு நடுவே குந்தியிருந்து நெத்தலி வறுத்துக்கொண்டிருந்தான். வெளியே சைக்கிள் மணி அடித்தால்கூட அகப்பை கையிலிருந்து நழுவியது.

மறுநாள் காலை தெருவே வேடிக்கை பார்த்தது. கண்ட்ராக்டர் ராமதாஸ் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். சந்தியில் காவல்காரனுக்குக் குனிந்தபோது பையன் அப்பாவின் தொப்பியைத் தட்டி மண்ணில் தள்ளினான். இரண்டு கையிலும் பிள்ளை. தொப்பியை எடுக்க வழியில்லை. வெறுந்தலையோடு வந்து கிராணி வீட்டு வாசலில் நின்றான்.

நல்லம்மா பதறி, "கமலம், அவர் வந்து நிக்கிறார். நாற்காலி போடட்டோ?" என்றாள்.

"வேண்டாம் மச்சாள்."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கமலாம்பிகை மகளை மடியில் கிடத்திப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி... பசிக்குதும்மா இவனுக்கு," என்றான் ராமதாஸ் வெளியேயிருந்து.

"நில்லுங்கோ. என்ர பிள்ளை குடிச்சு முடியட்டும்."

அருந்ததிக்கு அன்று அவசரமே இல்லை.