எதிர்க்கட்சி: ஒன்று

1

இந்தக் கதை ஒரு கதவிலிருந்து வந்தது. பள்ளிக்கூடக் கதவு. தேர்தல் முடிந்து, அந்தச் சாவடியில் விழுந்த ஓட்டுகளை எண்ணி ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆளுங்கட்சிக்கு நேரே நீளமாக ஒரு எண். எதிர்க்கட்சிக்கு நேரே ஒன்று. சிமெண்டு மூட்டை இறக்கப் போன இடத்தில் பார்த்தேன். வயசான பிறகு எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். எதையும் படிக்காமல் கடக்க முடியாது. யார் அந்த ஒருவர்? முதுகுவலியோடு இந்தக் கேள்வியும் வீடுவரை வந்துவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். வரலாற்றின் ஏடுகளில்..." அடித்துவிட்டேன். அது மேடையில் பேசுகிறவன் வாய். எனக்குத் தெரிந்தது மூட்டை தூக்குகிறவன்தான். அவரையே வைத்துக்கொள்கிறேன்.

2

மூட்டைக்காரர் பிறந்தபோது எந்தக் கட்சி ஆண்டதோ, அவர் தலை நரைத்தபோதும் அதுவேதான் ஆண்டது. தேர்தல் வரும், போகும். சுவரில் அதே முகம் புதுச் சாயத்தில் சிரிக்கும்.

இந்த முறை எதிர்த்து நின்றவர் ஒரு மருந்துக்கடைக்காரர். கொடி பிடிக்கக்கூட ஆளில்லாமல் தெருவில் தனியாக வந்தார். கதவுகள் பாதி திறந்து மூடிக்கொண்டன. மூட்டைக்காரர் வீட்டில்தான் உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்தது.

அவர் போனதும், சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பாவம் பாக்குறீங்களா, இல்ல நெசமாவே போடப்போறீங்களா?"

"நெசமாத்தான். நீ?"

"நீங்க குதிச்சா நானும் குதிக்கிறேன். கூட்டுக்கு ஆள் வேணாமா?"

அந்த ஒரு பேச்சில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

3

சாவடியில் தடுப்புக்குப் பின்னால் நின்று, மருந்துக்கடைக்காரர் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். அதற்கு நேரே இருந்த கட்டத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார்.

(இதற்குப் பிறகு அவர் இன்னொன்றும் செய்தார். கடைசிவரை ஒளித்துவைக்கலாமா என்று பார்த்தேன். அந்தச் சாமர்த்தியம் எனக்குப் போதாது. சொல்லிவிடுகிறேன்.)

ஓட்டுச்சீட்டின் அடியில் கையெழுத்துப் போட்டார். பாதி ஆயுசு கைநாட்டு வைத்தவர். கையெழுத்து வந்த நாளிலிருந்து கூலிச்சீட்டு, காஸ் ரசீது, எதையும் விட்டதில்லை. காகிதம் என்றால் அடியில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அது தப்பு என்று தெரிந்த வாசகர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

4

மறுநாள் பள்ளிக்கூடக் கதவில் தாளைப் படித்தார். எதிர்க்கட்சி: ஒன்று. அது தன்னுடையது. அப்படியானால் அவளுடையது எங்கே? அடியில் இன்னொரு வரி இருந்தது. அவ்வளவு கீழே அவர் கண் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டார்.

"யாருக்குப் போட்ட?"

"சொன்ன ஆளுக்குத்தான்."

"ஒண்ணுதான் விழுந்திருக்கு."

"அப்ப சரியா எண்ணியிருக்க மாட்டாங்க."

"பயந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். பொய் எதுக்கு?"

அவள் மடித்து முடித்த விரிப்பை உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தாள். [இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அழுகிற ஆளில்லை. எடுத்துவிட்டேன்.]

பிறகு பேச்சில்லை. தட்டு வைக்கும் சத்தம், டம்ளர் வைக்கும் சத்தம். ஒரே அறைக்குள் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். தெருவே அந்தப் பக்கம் நின்றது அவருக்கு உறுத்தவில்லை, அது பழகினது. இவளும் போய்விட்டாளே என்பதுதான்.

5

மூட்டைக்காரர் டீக்கடையில் இருந்தபோது மைக்கு வந்தான். ஆளுங்கட்சிக்காக ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்துகிறவன், பெயரே அதுவாகிவிட்டது.

"அந்த ஒத்த ஓட்டு யாருதுன்னு தெரிஞ்சா, எங்க வேட்பாளரே வீடு தேடி வந்து நலம் விசாரிப்பாரு."

"ஊரையே அள்ளிட்டீங்க. அந்த ஒண்ணு இல்லாம உனக்குத் தூக்கம் வரலையாக்கும்?" என்றார் டீக்கடைக்காரர்.

"அதவிடு மாமா, வேறொரு கூத்து கேளு. எண்ணும்போது நானும் உள்ள இருந்தேன். எவனோ ஓட்டுச்சீட்டுல கையெழுத்துப் போட்டு வச்சிருக்கான். அது செல்லாதுல்ல? தூக்கித் தனியா வச்சுட்டாங்க. அவனும் அந்த மருந்துக்கடைக்குத்தான் போட்டிருந்தான்."

"யாரு கையெழுத்து?"

"யாரு கண்டா. கோழி கிளறின மாதிரி இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மூட்டைக்காரரும் சிரித்தார், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும். மோசமான எழுத்து அவரைக் காப்பாற்றியிருந்தது. அதில் ஆறுதல் எதுவும் இல்லை. தாளின் அடியில் அவர் படிக்காமல் விட்ட வரிதான், செல்லாத ஓட்டு, அவருடையது. எதிர்க்கட்சிக்கு நேரே இருந்த ஒன்று அவருடையது இல்லை. கூட்டுக்கு என்று வந்தவள் அங்கே தன்னந்தனியாக நின்றிருக்கிறாள். வராமல் போனவர் அவர்தான்.

டீ ஆடை கட்டிவிட்டது. குடிக்காமல் எழுந்தார்.

6

முடிவை எழுதி எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அவர் சொல்கிறார், அவள் சிரித்துவிடுகிறாள். நம்ப முடியவில்லை. அவள் அத்தனை சுலபத்தில் சிரிக்க மாட்டாள். இன்னொன்றில், சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடுகிறார். அதை எழுதிவிட்டு மூட்டை தூக்கப் போனேன். நாள் முழுக்க மனசு கேட்கவில்லை. அப்புறம், அந்த ஓட்டு அவளுடையதே இல்லை, தெருவில் வேறு யாரோ... [நிறுத்திவிட்டேன். வழியில் அவருக்கும் இந்த நினைப்பு வரும். வரக்கூடாது என்று எனக்கு ஆசை.]

ஆக, என் கையில் இருப்பது இவ்வளவுதான். அவள் வேலை முடிந்து வந்துவிட்டாள். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. அவர் தட்டுகிறார். தட்டுகிற விதத்திலேயே அவளுக்கு ஆள் தெரியும். இருந்தும் கேட்கிறாள்.

"யாரு?"

பேச்சு நின்றுபோன பிறகு அவரிடம் அவள் பேசும் முதல் வார்த்தை. பதிலுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அடியில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.