நாற்காலி பிடித்த மாத்திரை

மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அவனுக்குப் பக்கத்து மருத்துவமனை நர்சுகள் வைத்த பட்டப்பெயர் 'நாற்காலி'. எந்த மருந்தைப் பற்றிக் கேட்டாலும் அவன் நாற்காலியில்தான் தொடங்குவான்.

அன்று மதியம் கேன்டீனில் சீனியர் நர்சின் எதிரே உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

"உங்களைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன்."

வார்டு பழக்கம், அவள் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"என்னங்க, நாடி இப்படித் தூங்குது? சாப்பாட்டு டோக்கன் வாங்கறப்பகூட எனக்கு இதைவிட வேகமா அடிக்கும்!"

"அது வந்து... மாத்திரை போட்டிருக்கேன். மேடையில பேசறப்போ படபடப்பு வராம இருக்க டாக்டர் எழுதிக் கொடுத்தது."

"ஏன், நான் என்ன மாநாடா?"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சாயங்காலம் வேறொரு மாப்பிள்ளை வீட்டார் பேச வருவதாக இருந்தது. வரச் சொல்லவா, வேண்டாமா என்று ஷிஃப்ட் முடிவதற்குள் அப்பாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இவன் கேட்பானா என்று அவள் காத்திருந்தாள். கேட்டான், தூங்குகிற நாடியோடு.

"இதயத்துல குட்டிக் குட்டியா நாற்காலி இருக்குன்னு வச்சுக்கங்க..."

"ஆரம்பிச்சிட்டாரு!"

"பயமோ சந்தோஷமோ வந்தா அட்ரினலின் ஓடி வந்து அதுல உட்காரும். உட்கார்ந்தாதான் இதயம் ஓட்டம் பிடிக்கும். இந்த மாத்திரைக்கும் அட்ரினலினோட ஜாடை. முந்திக்கிட்டு வந்து உட்கார்ந்துக்கும். ஆனா ஒரு வேலையும் செய்யாது."

"எங்க சித்தப்பா மாதிரி."

"அதே! பாவம், அட்ரினலின் பஸ்ல இடம் கிடைக்காத மாதிரி கம்பியைப் பிடிச்சுட்டு நிக்குது."

"கதை நல்லா இருக்கு. சாட்சி?"

"உள்ளங்கையைப் பாருங்க. வேர்வையோட நாற்காலிக்கு அளவே வேற. அங்க இந்த மாத்திரையோட பாச்சா பலிக்காது."

திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு குட்டிக் குளமே தேங்கியிருந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இவ்வளவு பயந்தவர் பேசாம இருந்திருக்கலாமே?"

"இருந்து பார்த்தேன். அது இதைவிடப் பயமா இருந்துச்சு."

அவள் மறுபடி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்கள் விரிந்தன.

"ஐயோ, இப்ப ஓடுது! மாத்திரை எழுந்து போயிடுச்சு!"

அவன் குனிந்து பார்த்தான். "கட்டைவிரலையில்ல வச்சிருக்கீங்க?"

கட்டைவிரலுக்கே சொந்தமாக ஒரு நாடி உண்டு. அதை வைத்துப் பார்த்தால், எண்ணுகிறவர் தன் துடிப்பையே எண்ணிவிடுவார். புது நர்சுகளை அவள் வறுத்தெடுப்பதே இந்தத் தப்புக்குத்தான்.

அவள் காது மடல் சூடேறியது. விரலை மட்டும் எடுக்கவில்லை. மறு கையால் போனை எடுத்தாள்.

"அப்பா, அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க... என்ன, எனக்கு மூச்சு வாங்குதா? ஆமாப்பா, வாங்குது. நான் மாத்திரை போடலையே!"