எந்த ஊர் ராகு காலம்

என் கடைப் பலகையில் இன்டர்நெட், இ-மெயில், சாட்டிங், வெப் கேமரா என்று வரிசையாக எழுதியிருந்தது. உள்ளே இருந்ததோ மூன்று கம்ப்யூட்டரும் ஒரே ஒரு டெலிபோன் லைனும். 2002ஆம் வருஷம் அது. தேரடித் தெருவில் இன்னொருவர் வேகமான ஐ.எஸ்.டி.என். லைன் வாங்கிவிட்டதாகப் பீற்றிக்கொண்டிருந்தார். என்னுடையது சாதா டயல்-அப். மோடம் கொஞ்ச நேரம் கீச்சிட்டு, இரைந்து, மனம் வந்தால் இணையும். மாடி வீட்டில் என் மனைவி ரேணுகாம்பாள் அதே லைனில் இருக்கும் ரிசீவரை எடுத்தால் கீழே எல்லாம் அறுந்துவிடும். எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அவள் காதில் ஏறவே இல்லை.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி வேறு. அடி அண்ணாமலை ஊர்க்காரர் அப்பாதுரை தன் மகள் அருணாதேவியைப் பட்டுப் புடவையில் அழைத்துக்கொண்டு வந்தார். கூடவே அவர் மச்சான் ராஜேந்திரன், கையில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு ஒரு தாம்பாளம். கம்ப்யூட்டர் வழியாகப் பெண் பார்க்கப் போகிறார்களாம். மாப்பிள்ளை முருகவேல் சிங்கப்பூரில் கப்பல் கம்பெனியில் டெக்னீஷியன். செங்கத்தில் இருக்கும் அவனுடைய பெற்றோர் ஏற்கெனவே வந்து பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பையன் ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே செங்கம் போய்த் தட்டு மாற்றிவிடுவது என்று ஏற்பாடு.

தாம்பாளத்தைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார் ராஜேந்திரன். எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லைன் கிடைத்தது. மாப்பிள்ளையின் படம் துண்டு துண்டாக வந்தது. முதலில் நெற்றி, அப்புறம் கண், பிறகு மீசை. பேச்சு விட்டு விட்டுக் கேட்டதால் எழுதிப் பேசுவது என்று முடிவாயிற்று. அருணாதேவி வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். விரல்கள் கீபோர்டைப் பார்க்காமலே ஓடின. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். பின்னால் நின்ற இரண்டு பேரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து அவர்களுக்கு எட்டவில்லை. எனக்கு எட்டியது.

நலம் விசாரித்தாகிவிட்டது. பிறகு அவள் கேட்டாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் நான் எங்க இருப்பேன்?"

பதில் வருவதற்குள் லைன் அறுந்தது. மாடியில் ரேணுகாம்பாள் தன் தங்கையிடம் பேச ஆரம்பித்திருந்தாள். ஓடிப்போய் வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப டயல் செய்தேன். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. கிரிவலம் வந்த ஜனம் முழுக்க அந்த நேரத்தில்தான் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது போல.

அப்பாதுரை கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரை ஆவுது. இனிமே ராகு காலம். விட்டுடுங்க, ஆறு மணிக்கு மேல பாத்துக்கலாம்."

"மாமா, சிங்கப்பூர்ல இப்ப ஏழு மணி. அங்க ராகு காலம் எப்பவோ போயிடுச்சு," என்றார் ராஜேந்திரன்.

"பொண்ணு எங்க உக்காந்திருக்குது? இங்கதானே? இந்த ஊரு ராகு காலந்தான் கணக்கு. இந்த நேரத்துல தொட்டது எது வெளங்கியிருக்குது?"

ரேணுகாம்பாளைக் கூப்பிட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இருவரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அருணாதேவி என் பக்கம் திரும்பினாள்.

"ண்ணா, இப்ப போட்டுப் பாருங்க."

"ராகு காலம்மா."

"தெரியும்ணா. எனக்கு பதில் தெரியணும். தட்டு மாத்திட்டா அப்புறம் கேக்க முடியாது."

டயல் செய்தேன். அந்தப் பாழாய்ப்போன மோடம் முதல் தடவையிலேயே இணைந்தது. முருகவேல் காத்திருந்தான். பதிலும் வந்தது. "வேலைய விட்டுடு. செங்கத்துல அம்மாவுக்கு துணையா இரு. இங்க கூட்டிட்டு வர முடியாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவுல வருவேன்." அதன் கீழே, "உன்ன எனக்கு புடிச்சிருக்கு."

ஒளிவுமறைவு இல்லாத ஆள்தான், அதில் குறை சொல்ல முடியாது. ரேணுகாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அருணாதேவி அழவில்லை. "அப்பா வரட்டும், இருங்க," என்று மட்டும் அடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு மேல் திரும்பிய அப்பாதுரை, திரையில் மாப்பிள்ளை இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். "எப்ப வந்துச்சு லைனு?"

"நீங்க போனதுமே வந்துடுச்சுப்பா. ராகு காலத்துலயே பேசிட்டோம். அவருக்கு என்னைப் புடிச்சிருக்காம்."

அவள் நினைப்பு எனக்குப் புரிந்தது. வேலையை விடமாட்டேன் என்று அவள் சொன்னால் எடுபடாது; ராகு காலம் என்றால் எடுபடும். அப்பாவே வேண்டாம் என்பார்.

அப்பாதுரை தாடையைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "புடிச்சிருக்குதாமா? மச்சான், நீ சொன்னதும் நியாயந்தான். அங்க ராகு காலம் இல்லையே. சொன்னது அவரு, அந்த ஊரு நேரந்தான் கணக்கு."

பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. ராஜேந்திரன் உற்சாகமாகத் தாம்பாளத்தைத் தூக்கினார். வாசல் வரை போன அப்பாதுரை, மகள் எழுந்திருக்காததைப் பார்த்துத் திரும்பினார். திரையைக் காட்டி என்னிடம் கேட்டார்: "இவ்ளோ எழுதியிருக்குதே, இன்னாங்க அது?"

நான் அவளைப் பார்த்தேன். அவளே படித்தாள். முதலில் தன் கேள்வியை, பிறகு அவன் பதிலை, வகுப்பில் பாடம் வாசிக்கும் குரலில்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையா?" என்றார் அப்பாதுரை.

"ஆமாம்பா."

"அதுவரைக்கும் நீ அங்க தனியா?"

திரையில் முருகவேல் அசையாமல் இருந்தான். அடுத்த படம் இன்னும் வந்து சேரவில்லை. அப்பாதுரை அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மச்சான் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"செங்கத்துக்காரங்க கேட்டா, ராகு காலத்துல பேசிட்டாங்கனு மட்டும் சொல்லிடு மச்சான்."

"மாமா, இப்பதானே அந்த ஊரு நேரம்னு..."

"பொண்ணு இங்கதான்டா இருக்குது," என்றார் அப்பாதுரை.