வேர் விட்டுச்சா

சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள், மீன்தொட்டித் தண்ணீர் மறுபடியும் கலங்கிக் கிடந்தது. காலையில் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர். இப்போது யாரோ காலை விட்டுக் குழப்பியதுபோல ஒரே சேறு. ஒரு செடி வேர் தெரிய மேலே மிதந்தது. எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. ஏன் இப்படி ஆகிறதென்றுதான் விளங்கவில்லை.

கீழ்த்தள வீடு. ஒரே ஜன்னல், அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். வெயில் வராது, பார்த்துக்கொள்ளவும் நேரமில்லை என்று சொல்லித்தான் வளர்ப்பு மீன் கடையில் தண்ணீருக்குள் வளரும் செடி கேட்டாள். தொட்டிக்குள் அடியில் மண், அதன்மேல் பொடிக்கல், ஒரு மரக்கட்டை, சின்ன விளக்கு. காற்று விடும் மோட்டார்கூட வேண்டாம். "நட்டுட்டு மறந்துடுங்க மேடம். பழைய இலை கரையும், பயப்படாதீங்க. வேர் விட்டப்புறம் மீன் விடலாம்" என்றார் கடைக்காரர். இலை கரைந்தது. துளிர்தான் வரவில்லை. மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "என்னடி, மீனைக் காணோம்? வறுத்துத் தின்னாச்சா?" என்பாள்.

தொட்டி மீனுக்காக வாங்கியதில்லை, அப்பாவுக்காக. கூட வேலை பார்ப்பவளின் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தாள். அவளுடைய அப்பா காலை நீட்டிக்கொண்டு மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா. ஒரு மனிதர் பட்டப்பகலில் கூச்சமே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. வயிறு எரிந்தது. என் அப்பன் மட்டும் என்ன பாவம் செய்தான்? லாரியிலிருந்து மூட்டை இறக்கி இறக்கி முதுகு தேய்ந்த மனிதர். இனித் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. மூட்டை வேலைக்கு ஆள் கூப்பிடும் மேஸ்திரி விடுவதாயில்லை. அப்பாவும் முடியாதென்று சொல்லித் தொலைக்காமல், "பாக்கலாம்ண்ணே" என்று இழுத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்குப் போன் செய்து முடிவு கேட்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

அடுப்படியிலிருந்து அப்பா வந்தார்.

"சட்டைக் கை ஏம்ப்பா நனைஞ்சிருக்கு?"

"பாத்திரம் கழுவினேன்."

"தோள்பட்டை வரைக்குமா?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "வேர் விட்டுச்சான்னு பாத்தேன்."

"பிடுங்கியா?"

"பிடுங்காம எப்படித் தெரியும்?"

"தினமுமா?"

"சேச்சே, எல்லாத்தையும் இல்ல. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் பட்டதாரியம்மா. முறை வெச்சுப் பாக்கறேன்."

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது.

"ஒண்ணுமே செய்ய வேண்டாம்னுதானே இதை வாங்கினேன்! சும்மா உக்காந்து பாக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"அதான் பாப்பா எனக்குப் புரியல." அப்பாவின் குரலில் கோபமில்லை. "நீ ஆபீசுக்குப் போயிடற. இதுவும் என்னைத் தொடாதேங்குது. அப்ப நான் எதுக்கு?"

தோளிலிருந்து பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள். அப்பாவை உட்கார வைக்கத்தான் விழுந்து விழுந்து படித்தாள். உட்கார்ந்த பிறகு அவர் என்ன செய்வார் என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை. முதுகு போனாலும் பரவாயில்லை என்று அனுப்ப முடியுமா? இப்படியே உட்கார வைத்துத்தான் என்ன கண்டோம்?

அப்பா மிதந்த செடியை எடுத்து, கையைத் தொட்டிக்குள் விட்டார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்கள் பொடிக்கல்லை விலக்கிக் குழி பறித்தன. அப்போதுதான் மேசைமேல் அப்பாவின் போன் அடித்தது. மேஸ்திரி.

"கை ஈரம். நீயே எடு."

"எடுத்து என்னப்பா சொல்ல?"

"உனக்கு என்ன தோணுதோ சொல்லு."

நேற்றென்றால் 'வரமாட்டார், வையுங்க' என்று ஒரே மூச்சில் முடித்திருப்பாள். போன் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்பா செடியைச் சுற்றிக் கல்லை அணைத்து, மெல்லக் கையை எடுத்தார். செடி ஒருபக்கம் சாய்ந்தது. பிறகு கொஞ்சம் எழும்பி, கலங்கிய தண்ணீரில், மேலே வராமலும் கீழே அமராமலும், ஆடிக்கொண்டே நின்றது.