பிளேடைப் பறிகொடுத்த பிக்பாக்கெட்

அல்போன்ஸ் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு பாடம் நடத்தத் தொடங்கினார். எதிரே நர்ஸ் ஊசியோடு நின்றாள். தன் ஊசியைப் போட்டுக்கொண்டு பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பியாட்ரிஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் விலங்கியல் சொல்லிக்கொடுத்த தன் கணவருக்கு ஊசி என்றால் உதறல்.

சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு, கொடியேற்றத்தன்று வெறுங்காலோடு நடப்பது கல்யாணமான வருடத்திலிருந்து அவர்கள் வழக்கம். வழியில் ஆணி கீணி குத்தினால் என்ன ஆவது என்று டெட்டனஸ் ஊசிக்கு அவளை இழுத்து வந்ததே அவர்தான்.

"இது கிருமி இல்லம்மா, கிருமி கக்குற விஷம். அதையும் சாதுவாக்கித்தான் உள்ள அனுப்புறாங்க. ஒரு பிக்பாக்கெட்கிட்ட பிளேடைப் பிடுங்கிட்டு, ரங்கநாதன் தெரு முழுக்க நடத்திக் கூட்டிட்டுப் போற மாதிரி. ரத்தத்துல இருக்கிற கடைக்காரங்க அத்தனை பேரும் மூஞ்சியைப் பார்த்து வெச்சுக்குவாங்க. அப்புறம் பிளேடோட வந்தான்னா மாட்டினான்."

"அவன் மாட்டுறது இருக்கட்டும். நீங்க கையைக் குடுங்க" என்றாள் பியாட்ரிஸ்.

ஊசி இறங்கியதும் அவருக்குக் கண் சொருகியது. அப்படியே அவள் தோளில் சாய்ந்துவிட்டார். நர்ஸ் தன் பையைத் துழாவி ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். வீடு வந்து சேரும்வரை பியாட்ரிஸ் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனவர்மீது தண்ணீர் லாரி மோதியது. அந்த வருடம் அவர்கள் நடக்கவில்லை.

இந்த வருடம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நடந்தே தீருவது என்று கிளம்பினாள். மகன் ஸ்டீவ் அவள் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, எந்த நிமிடமும் ஆட்டோ பிடிக்கத் தயாராகப் பின்னாலேயே வந்தான். அடையாறு பாலம் ஏறும் இடத்தில் நிஜமாகவே ஆணி குத்தியது.

முதலுதவிப் பந்தலில் ஜெசிகா என்ற நர்ஸ் பெண் சோப்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவினாள். ஸ்டீவ் அதற்குள் போனில் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டான். நடந்தது போதும், ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பது அவன் முடிவு. கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்று ஜெசிகா கேட்டாள். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றான் ஸ்டீவ்.

பியாட்ரிஸுக்கு இருந்தது. ஸ்டீவ் வயிற்றில் இருந்தபோது போட்டதைச் சொன்னாள். பிறகு போன வருடக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரத்துக்கு வந்தாள். ரங்கநாதன் தெரு, பிளேடு, சொருகிய கண், கடலை மிட்டாய், எதையும் விடவில்லை. ஜெசிகா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசி ஸ்டீவ் கேட்டதில்லை. அவனும் சிரித்துவிட்டான்.

"அப்ப புது ஊசி வேணாம் ஆன்ட்டி. அங்கிளோட சேர்ந்து போட்டுக்கிட்டதே காவலுக்கு இருக்கு" என்றாள் ஜெசிகா. "ஆனா இந்தக் கால்ல செருப்பு போடணும்."

"இன்னொரு கால்ல?"

"அது உங்களுக்கும் மாதாவுக்கும் உள்ள பேச்சு."

ஸ்டீவ் ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரே ஒரு செருப்பை எடுத்து வைத்தான்.

கொடி ஏறியபோது பியாட்ரிஸ் ஒற்றைச் செருப்போடு கூட்டத்தில் நின்றாள். கை தானாக இடது புஜத்தைத் தடவிப் பார்த்தது. அங்கே தழும்பு எதுவும் இல்லை. உள்ளே இருந்த கடைக்காரர்கள் மட்டும் அந்த மூஞ்சியை இன்னும் மறக்கவில்லை.